நைனா கொண்டுவந்த தண்ணீர்

‘கூடத்துக் கடல்’ – அத்தியாயம் ஒன்பது

மீன் தொட்டியில் செத்துப்போன இறாலைக் கரண்டியால் அள்ளி, பழைய செய்தித்தாள் ஒன்றில் வைத்து, அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான் ஆஸ்டின். சமையலறை வாசலில் காபித் தம்ளருடன் நின்ற அவன் மனைவி சரிதாவுக்கு முதலில் பரிதாபமாகத்தான் இருந்தது. அவன் போனை எடுத்துப் பேசி முடிப்பதற்குள் அந்தப் பரிதாபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

குரோம்பேட்டையிலிருந்து யேசுதாசன் பேசினார். சர்ச் பாடகர் குழுவில் ஆஸ்டினுக்கு மூத்தவர். வீட்டில் மூன்று மீன் தொட்டிகள் வைத்திருப்பவர். இன்டர்நெட்டில் இருக்கிற மீன் விஷயம் அத்தனையும் தன் வாயால் ஒருமுறை சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஆஸ்டின் இரண்டு கையாலும் தொட்டியில் வேலை செய்துகொண்டிருந்ததால் போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“மீன் ரெண்டும் நல்லாத்தான் இருக்குண்ணா, தீனி எடுக்குது. இறால் போச்சு. நத்தையெல்லாம் கண்ணாடியில இருந்து கழண்டு விழுந்து கெடக்கு. அனிமோன் ஜெல்லி மாதிரி கரைஞ்சிடுச்சு. பட்டன் பவளம் ஒண்ணுகூடத் திறக்கல.”

“மீன் மருந்து ஏதாவது போட்டியா? அதுல காப்பர் இருக்கும் பிரதர். மீன் தாங்கிக்கும். முதுகெலும்பு இல்லாத ஜீவன் ஒண்ணும் தாங்காது.”

“மருந்தே வாங்கலண்ணா.”

“அப்ப தண்ணிதான். உன் மாமனார்தானே கொண்டாந்தாரு? நீ ஒண்ணு புரிஞ்சுக்கணும். உன் தொட்டிக்காக டீசல் போட்டு நடுக்கடலுக்கா போவாங்க? கரையோரம் நின்னு கேனை முக்கியிருப்பாங்க. கரைத் தண்ணியில சாக்கடையும் எண்ணெயும்தான் இருக்கும்.”

சரிதா காத்திருந்தாள். இப்போது ஆஸ்டின் ஏதாவது சொல்வான். ‘என் மாமனார் அப்படிப்பட்டவர் இல்லை’ என்று ஒரு வரி.

“இருக்கும்ணா,” என்றான் ஆஸ்டின். “எனக்கும் அந்த டவுட் இருந்துச்சு.”

அவள் காபியை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி சிந்தியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் தொட்டி வந்த கதையைக் கிழக்குத் தாம்பரத்தில் அந்தத் தெருவே அறியும். கல்யாணமாகி வந்த புதிதில், அலைச் சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை என்று ஒரு நாள் சரிதா சொல்லிவிட்டாள். கோவளம் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள் வேறெதைச் சொல்வாள்? “அவ்வளவுதானே, கடலையே கூடத்துக்குக் கொண்டாந்துடறேன்,” என்றான் ஆஸ்டின். சொன்னபடி செய்யவும் ஆரம்பித்தான். திருமுடிவாக்கத்தில் அவன் வேலை செய்யும் கம்பெனியிலேயே இரும்பு ஸ்டாண்டு வெல்டிங் ஆனது. நாலடிக் கண்ணாடித் தொட்டி வந்தது. நீல விளக்கு வந்தது, அலை அடிக்கிற மோட்டார் வந்தது, அழுக்கை நுரையாக்கித் தள்ளும் குழாய் ஒன்று வந்தது. கடைக்காரர் வெளிநாட்டுப் பேப்பரெல்லாம் காட்டி விற்ற ஓட்டை ஓட்டையான கற்கள் வந்தன.

கற்கள் வந்த பிறகு மீன் வரவில்லை. தண்ணீரில் நல்ல கிருமிகள் பெருகும்வரை ஒன்றும் விடக்கூடாது என்று ஒன்றரை மாதம் வெறும் கல்லுக்கு விளக்குப் போட்டுக் கணவனும் மனைவியும் எதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி கூட, “என்னடி, கல்லுக்கு டிவி மாதிரி லைட்டு போட்டுப் பார்க்கறேள்?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்கப்புறம்தான் நத்தைகள், சிவப்புக் கோடு போட்ட இறால், பவளங்கள், பூ மாதிரி விரியும் அனிமோன், கடைசியாக ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கோமாளி மீன்கள்.

தண்ணீர் மட்டும் கடையில் வாங்கியதில்லை. சரிதாவின் அப்பா சின்னதம்பி, மீன் பிடிக்கப் போகும் ஃபைபர் போட்டிலேயே காலிக் கேன்களை ஏற்றிக்கொண்டு போய், நிரப்பி, குட்டி யானை லோடு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். “கல்லு மட்டும் கேக்காதீங்க மாப்ள, பவளத்துல கை வச்சா கேசு. தண்ணி எவ்ளோ வோணா கேளுங்க, கடலு நம்மள்துதான்,” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குத்தான் இன்று ஏமாற்றுக்காரர் என்ற இந்தப் பட்டம்.

*

அம்மா முத்தாலம்மாளின் போன் வந்தபோது சரிதா தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தாள்.

“இன்னா சரிதா, உன் வூட்டுக்காரரு உங்க அண்ணனுக்கு போன் போட்டாரே, தெரியுமா?”

“எப்பம்மா?”

“இப்பத்தான். மீன் ஏலம் நடந்துகினு கீது. கூச்சல்ல இளமாறனுக்குக் காது கேக்கல, போனை ஸ்பீக்கர்ல போட்டான். ‘உங்கப்பா கரைத் தண்ணிய மொண்டு குடுத்துட்டாரு, எல்லாம் செத்துப்போச்சு, இன்னிக்காவது தூரமா போயி எடுக்கச் சொல்லுங்க’ன்னு அந்தப் புள்ள சொல்லுது. ஏலத்துக்கு வந்த சனம் மொத்தமும் வாயப் பொளந்துகினு கேக்குது.”

“நைனா என்ன சொல்லிச்சு?”

“அவரு இன்னா சொல்வாரு? வலைய மடிச்சிகினு இருந்தாரு. அப்பறமும் மடிச்சிகினேதான் இருந்தாரு. மீன் ஏலம் எடுக்கற அந்த சேட்டு கீறானே, பெரிய யோக்கியன், அவன் கேக்கறான், ‘மருமவனுக்கே ஏமாத்துத் தண்ணியா சின்னதம்பி’ன்னு. எல்லாம் சிரிக்குது. நான் கூடையத் தூக்கி அவன் மூஞ்சில அடிச்சிருப்பேன். உங்க நைனாதான் கையப் புடிச்சிட்டாரு.”

“அம்மா, நான் இவர்கிட்ட...”

“நீ ஒண்ணும் பேச வோணாம். உன் மாமியா அன்னிக்கு மீனைத்தான் வெளிய வச்சா. இன்னிக்கு உன் புருசன் மனுசனையே வெளிய வச்சிட்டான். நல்லா இருங்க.”

போன் அணைந்தது.

மீனை வெளியே வைத்த கதையும் வாசகர்களுக்கு மறந்திருக்காது. சம்பந்தி வீட்டுக்கு முதல்முதலாக வருகிறோம் என்று முத்தாலம்மாள் அன்றைய வலையில் விழுந்ததிலேயே பெரிய வஞ்சிரமாகப் பார்த்துக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வந்தாள். வந்த நாள் புனித வெள்ளி என்கிற பெரிய வெள்ளிக்கிழமை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கவுச்சி படாத அந்த நாளில், கூடையை வாசல் படியிலேயே வைக்கச் சொன்னார் மாமியார் ஞானசௌந்தரி. ஏன் என்று சொல்லவில்லை. முத்தாலம்மாளும் ஏன் என்று கேட்கவில்லை. கூடையோடு திரும்பிப் போனவள் அதன் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. மாமியாரும் அந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

தோசைக்கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. சரிதா அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

“இளமாறன் அண்ணனுக்கு போன் பண்ணீங்களா?”

ஆஸ்டின் ரப்பர் குழாயால் தொட்டியின் அடியை உறிஞ்சிக்கொண்டிருந்தான். “ஆமா. இன்னிக்கு மாமா தண்ணி கொண்டுவர்ற நாளாச்சே. முன்னாடியே சொல்லிட்டா நல்லதுன்னு.”

“என்ன சொன்னீங்க?”

“கொஞ்சம் தூரத்துல எடுக்கச் சொன்னேன்.”

“கரைத் தண்ணின்னு சொன்னீங்க.”

“சரிதா, இது சயின்ஸ். இதுல எமோஷனே கூடாது.”

“நானும் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரிதான் எடுக்கறேன். டெஸ்ட் பண்ணாம ரிசல்ட் எழுதற பசங்களுக்கு நான் மார்க் போடறதில்ல.”

“டெஸ்ட் பண்ணத்தான் யேசுதாசன் அண்ணன் சாயங்காலம் வர்றாரே.”

“அப்ப சாயங்காலம் போன் பண்ணியிருக்கலாம்.”

ஆஸ்டின் குழாயை வாளிக்குள் விட்டான். “உங்கப்பா ஏமாத்திட்டாருன்னு நான் சொல்லல. அவருக்குத் தெரியாம...”

“வேற என்ன சொன்னே நீ?”

கோபம் எல்லை தாண்டினால் சரிதாவுக்கு ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிடும். அது ஆஸ்டினுக்கும் தெரியும். “ஏலத்துல அத்தனை பேர் நிக்கறப்ப, ஸ்பீக்கர்ல. சேட்டு மாதிரி ஆளுங்க எங்க நைனாவைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. எனக்காகத்தானே இந்தத் தொட்டின்னு சொன்னே? எனக்காகக் கடல் கொண்டாந்தவன் எங்கப்பனைத் திருடனாக்கித்தான் கொண்டாருவானா?”

“ஸ்பீக்கர்ல போட்டிருந்தது எனக்கெப்படித் தெரியும்?”

“போடலைன்னா சரியாயிடுமா?”

கம்பெனியில் அரை நாள் வேலை இருக்கிறது என்று சொல்லி ஆஸ்டின் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். சனிக்கிழமைகளில் அவன் இவ்வளவு சீக்கிரம் கிளம்பி அவள் பார்த்ததில்லை.

*

மத்தியானம் சரிதா சாப்பிடவில்லை. தலை வலிக்கிறது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு அறைக்குள் படுத்தாள். தூக்கம் எங்கே வரும்? வலையை மடித்துக்கொண்டே இருந்த நைனாவின் கைகள்தான் கண்ணுக்குள் வந்தன. அந்தக் கைகள் கேனைக் கவிழ்த்துக் கழுவும் அழகை அவள் பார்த்திருக்கிறாள். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவுவார்.

கூடத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு குரல்.

“பயப்படாதடா. அந்த இறால் போனா என்ன, நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்கள்ல. தைரியமா இருக்கணும்.”

சரிதா எழுந்து வந்து திரைச்சீலையை விலக்கினாள். தொட்டியின் முன்னால் ஸ்டூலைப் போட்டு அதில் ஏறி நின்றிருந்தார் ஞானசௌந்தரி. மிஷன் நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவர். குரலை உயர்த்தாமலேயே ஒரு வகுப்பை உட்கார வைக்கக்கூடியவர். கோமாளி மீன்களிடம் அவர் இப்படிக் கொஞ்சிப் பேசுவார் என்று யார் சொல்லியிருந்தாலும் சரிதா நம்பியிருக்க மாட்டாள்.

அவர் இடது கையில் செப்புக்குடம். வலது கையில் தம்ளர்.

“என்ன பண்றீங்க அத்தை?”

“பார்த்தா தெரியல? தண்ணி ஊத்தறேன்.” அவர் திரும்பக்கூட இல்லை. “சூடாகக் கூடாதுன்னு அந்த ஃபேனை வச்சிட்டான். தினம் ரெண்டு விரக்கடை வத்திப்போகுது. உப்பு அங்கேயே நிக்கும், தண்ணிதான் போகும், அதனால நல்ல தண்ணி ஊத்தணும், நீ ஒட்டின பொட்டு வரைக்கும் ஊத்தணும். அவன்தானே சொன்னான்.”

தண்ணீர் மட்டத்துக்கு அடையாளமாகத் தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள் சரிதா. ஒரு வாரமாகத் தண்ணீர் அந்தப் பொட்டை விட்டு இறங்கவே இல்லை. ஆஸ்டின் ஊற்றுகிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் ஊற்றுகிறாள் என்று அவன் நினைத்திருப்பான்.

“கடையில வாங்கற கேன் தண்ணி ஊத்தச் சொன்னாரே அத்தை.”

“அந்தக் கேனுக்குள்ள ஒரு கொசு செத்து மிதந்துச்சு. எந்தக் குழாயில புடிச்சு மூடறானோ. உங்கப்பா அவ்வளவு தூரம் கடலுக்குள்ள போயி, கண்ணாடி மாதிரி தண்ணி கொண்டாந்து ஊத்தியிருக்காரு. அதுல போயி இந்தக் கண்றாவியைக் கலக்கறதா? கொசுவைப் பார்த்த அன்னிலேர்ந்து நான் இதைத்தான் ஊத்தறேன். வீட்டுல இருக்கற தண்ணியிலயே உசத்தி இதுதான்.”

சரிதா குடத்தையே பார்த்தாள். காலையில்தான் புளி போட்டுத் தேய்த்திருந்தார். சனிக்கிழமை தவறாமல் தேய்ப்பார். உள்ளும் புறமும் செக்கச் சிவந்து மின்னியது.

யேசுதாசனின் குரல் காதுக்குள் கேட்டது. காப்பர் இருக்கும் பிரதர். மீன் தாங்கிக்கும்.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இப்போதே சொல்லலாம். ‘இறாலையும் அனிமோனையும் கொன்னது இந்தக் குடம் அத்தை’ என்று சொல்லலாம். போன் போட்டு ஆஸ்டினிடம் சொல்லலாம். அம்மாவிடம் சொல்லலாம். நைனாவின் பெயர் அந்த நிமிடமே வெளுத்துவிடும்.

ஆனால் ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு, கடைசித் தம்ளரைச் சொட்டுச் சொட்டாக, பொட்டை உரசும்படி அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார் ஞானசௌந்தரி. நைனா கொண்டுவந்தது நல்ல தண்ணீர் என்று இந்த வீட்டில் நம்பியவர் இவர் ஒருவர்தான். நம்பியதால்தான் இப்படி ஆயிற்று.

“போதும் அத்தை,” என்றாள். “பொட்டு வரைக்கும் வந்துடுச்சு. இறங்குங்க, நான் புடிச்சுக்கறேன்.”

மாமியாரின் கையைப் பிடித்து இறக்கினாள். கல்யாணமான பிறகு அந்தக் கையைப் பிடிப்பது அதுதான் முதல் தடவை என்பது அப்புறம்தான் உறைத்தது.

*

சாயங்காலம் குட்டி யானை வாசலில் வந்து நின்றது.

வருவாரா மாட்டாரா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்த சரிதா ஓடிப்போய் கேட்டைத் திறந்தாள். சின்னதம்பி சலவை வேட்டி கட்டியிருந்தார். தண்ணீர்க் கேன் தூக்க வருகிறவர் சலவை வேட்டியில் வருவானேன்? சம்பந்தி வீடாயிற்றே.

“இன்னாம்மா, மொகம் வாடிக் கீது?” என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

“நைனா, காலைல...”

“அத வுடு. டீச்சரம்மா, சொகமா கீறீங்களா?”

“வாங்க சம்பந்தி. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. தண்ணி கொண்டாரேன்,” என்று உள்ளே போனார் ஞானசௌந்தரி.

ஆஸ்டினும் யேசுதாசனும் கூடத்தில் தயாராக இருந்தார்கள். மேசையில் டெஸ்ட் ட்யூப்புகள், மருந்து பாட்டில்கள், நிற அட்டை. ஏதோ பரீட்சை ஹால் மாதிரி. சின்னதம்பி தோளில் தூக்கிவந்த முதல் கேனை இறக்கக்கூட விடவில்லை யேசுதாசன். “ஒரு நிமிஷம், சாம்பிள் எடுத்துக்கறேன்,” என்று ஒரு சிரிஞ்சை உள்ளே விட்டார். சலவை வேட்டியில் தண்ணீர் வழிய, தோளில் கேனோடு நின்றார் சின்னதம்பி.

உப்பு பார்த்தார், அம்மோனியா பார்த்தார், இன்னும் என்னென்னவோ பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“ம். இந்தத் தண்ணி ஓகேதான் ஆஸ்டின். காலைல நீ சொன்னதால இன்னிக்கு உஷாராயிட்டாங்க.”

ஆஸ்டின் மாமனாரைப் பார்க்காமல், “தேங்க்ஸ் மாமா. இனிமே இப்பிடியே எடுத்தா போதும்,” என்றான்.

சின்னதம்பி மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்தார். “சரி மாப்ள. போன தபா நான்தான் எங்கியோ கவனிக்காம வுட்டிருப்பேன். மனசுல வச்சிக்காதீங்க.”

காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சரிதாவுக்கு அந்த இடத்தில் உடைந்தது.

“பொய் சொல்லாத நைனா.”

“வுடும்மா.”

“போன தடவை எவ்வளவு தூரம் போயி எடுத்தே? சொல்லு.”

“கரை கண்ணுக்கு மறையற வரிக்கும் போனேன். இப்ப இன்னா அதுக்கு? மாப்ள மனசு நோவக்கூடாது.”

“உன் மனசு நோவலாமா?” அவள் யேசுதாசன் பக்கம் திரும்பினாள். “அண்ணா, காப்பர் டெஸ்ட் இருக்கா உங்ககிட்ட?”

“இருக்கு சிஸ்டர். ஆனா மருந்தே போடலைன்னு ஆஸ்டின்...”

“இருந்தா பண்ணுங்க. முதல்ல நைனா கொண்டாந்த கேன் தண்ணி. அப்புறம் தொட்டித் தண்ணி. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல.”

பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பையன்களிடம் பேசுகிற குரல் அது. யேசுதாசன் மறு பேச்சுப் பேசாமல் சொட்டு மருந்தை எடுத்தார். நைனாவின் தண்ணீர் வெளிர் மஞ்சளாக நின்றது. தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாயிற்று.

“இது எப்படி?” யேசுதாசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “காப்பர்தான். கடல்லேர்ந்து வரல, இங்கதான் ஏறியிருக்கு. வீட்டுக்குள்ள காப்பர் எங்கேர்ந்து வரும்? சிஸ்டர், உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“தோணிச்சு,” என்றாள் சரிதா. “எங்கேர்ந்து வந்ததோ எனக்குத் தெரியாது. நைனா கேன்லேர்ந்து வரல. அது போதும் எனக்கு.”

“போதும்னா எப்படி?” ஆஸ்டினின் முகம் மாறியது. “தொட்டிக்கு டெய்லி தண்ணி ஊத்தறது நீதானே? ஸ்கூல் லேப்லேர்ந்து எதையாவது...”

சின்னதம்பி கேனை இறக்கி வைத்தார். “மாப்ள,” என்றார். அந்த ஒரு சொல்லில் சிரிப்பு இல்லை.

சரிதா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“அவ ஊத்தல. நான் ஊத்தினேன்.”

சம்பந்திக்கு நீட்டுவதற்காகத் தம்ளருடன் சமையலறை வாசலில் நின்றிருந்தார் ஞானசௌந்தரி. எப்போதிலிருந்து நிற்கிறாரோ. தம்ளரை மேசையில், டெஸ்ட் ட்யூப்புகளுக்கு நடுவில் வைத்தார்.

“ஒரு வாரமா தினம் மத்தியானம் நான்தான் ஊத்தறேன். செப்புக்குடத்துத் தண்ணி.”

“டீச்சர்...” என்று எழுந்தார் யேசுதாசன். ஞானசௌந்தரியிடம் நான்காம் வகுப்பு படித்தவர் அவர்.

“உக்காருடா. செப்புக்குடத் தண்ணி விஷமா? என் மேசைக் கூஜாவுலேர்ந்து கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிப்பியே, அது எந்தத் தண்ணி?”

“மனுசனுக்கு நல்லதுதான் டீச்சர். இறாலுக்கு, பவளத்துக்குத்தான்...”

“அதை என்கிட்ட எவன் சொன்னான்?” அவர் மகன் பக்கம் திரும்பினார். “கடைக் கேன் தண்ணி ஊத்துன்னே. ஏன்னு சொன்னியா? ரெண்டு பேரும் ராத்திரி பகலா பேரமீட்டர் பேரமீட்டர்னு பேசறீங்களே, வீட்டுல இருக்கற பொம்பளைக்கு ஒரு வார்த்தை விளக்கமா சொன்னீங்களா? அந்த மனுசன் தண்ணியைக் கொண்டாந்து கொட்டினாரு. பொண்டாட்டி கூட நின்னா. நான் என்னால ஆனதைச் செஞ்சேன். செத்துப்போனதும் யார் மேல பழி போட்டே? கண்ணுக்கு எதிர்ல இல்லாதவர் மேல.”

ஆஸ்டின் தலையைக் குனிந்துகொண்டான்.

ஞானசௌந்தரி மருமகளைப் பார்த்தார். “மத்தியானமே உனக்குத் தெரியும்.”

“தெரியும் அத்தை.”

“ஏன் சொல்லல?”

“நைனா தண்ணி நல்ல தண்ணின்னு நீங்க ஒருத்தர்தானே நம்பினீங்க.”

ஞானசௌந்தரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“மாமா,” என்றான் ஆஸ்டின், முணுமுணுப்பாக. “தப்பா எடுத்துக்காதீங்க.”

“ஐயோ, அத்தெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள.” சின்னதம்பி அவசரமாக அடுத்த கேனைத் தூக்க வாசலுக்குப் போனார். “மொதல்ல இந்தத் தண்ணிய மாத்துங்க. மீனு இன்னா பண்ணிச்சு பாவம்.”

அதுதான் சரிதாவைக் குத்தியது. தூற்றப்பட்டவர் ஓடி ஓடிக் கேன் இறக்குகிறார். தூற்றியவன் மேசையோரம் நின்று நிற அட்டையை மடித்துக்கொண்டிருக்கிறான். கடைசிக் கேன் இறங்குகிறவரை அவள் பொறுத்தாள். பிறகு அறைக்குப் போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கன்னு சொல்றது மன்னிப்பு இல்ல,” என்றாள். “தப்பா எடுத்துக்காம இருக்கற வேலையையும் அவர்தான் செய்யணும்னு சொல்றீங்க. காலைல ஏலத்துல எல்லார் காதுலயும் விழுந்துச்சு. இங்க ஃபேன் சத்தத்துல மெதுவா சொன்னா அங்க யாருக்குக் கேக்கும்?”

“அதுக்கு? அங்க வந்து சொல்லணுமா? அவ்வளவு பேர் முன்னாடி?”

“காலைல இருந்த அதே பேர்தான்.”

“சரிதா, சின்ன விஷயத்தைப் பெரிசாக்காத.”

“எங்க நைனாகிட்ட இருக்கறது போட்டும் பேரும்தான். போட்டு போச்சுன்னா வேற வாங்கிக்குவார்.”

அவள் போய் வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். “வோணாம்மா, எறங்கு, பேஜார் பண்ணாத,” என்று கெஞ்சினார் சின்னதம்பி. அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

அப்போது வாசல் கதவு திறந்தது. சர்ச்சுக்குக் கட்டும் சாம்பல் நிறப் பட்டுப் புடவையில் ஞானசௌந்தரி படியிறங்கி வந்தார். இடுப்பில் காலிச் செப்புக்குடம்.

“தள்ளி உக்காரும்மா,” என்றார் மருமகளிடம்.

“அம்மா, நீங்க எங்க போறீங்க?” என்று ஓடி வந்தான் ஆஸ்டின்.

“தண்ணியைக் கெடுத்தது நான். கோவளத்துல போயி நான் சொல்ல வேண்டியதைச் சொல்றேன். இதையும் காட்டறேன், நம்பலைன்னா. நீ சொல்ல வேண்டியது உன்னோடது. அதை நான் சொல்ல முடியாது.”

சின்னதம்பி தலையைச் சொறிந்தார். “டீச்சரம்மா, வூட்ல அது... கொஞ்சம் கோவமா கீது.”

“இருக்காதா? அவங்க கொண்டாந்த மீனைப் படியில வச்சவ நான். அன்னிக்குப் பெரிய வெள்ளின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.” அவர் குடத்தை மடியில் வைத்துக்கொண்டார். “வண்டியை எடுப்பா.”

சின்னதம்பி பின்னால் காலிக் கேன்களோடு ஏறிக்கொண்டார். வண்டி தெருமுனையில் திரும்புகிறவரை பக்கக் கண்ணாடியில் ஆஸ்டின் தெரிந்தான். கேட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். பைக் சாவி அவன் சட்டைப் பையில்தான் இருக்கும். எடுக்கிறானா என்று பார்ப்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

வண்டலூர் தாண்டிக் கேளம்பாக்கம் ரோட்டில் போகும்போது சரிதாவின் போன் அடித்தது.

“நைனா கெளம்பிட்டாரா?” என்றாள் முத்தாலம்மாள்.

“வந்துக்கிட்டிருக்கோம்மா. நானும் வர்றேன்.”

“நீயா? சண்ட போட்டுகினு வர்றியா? கூட யாரு, மாப்ளயா?”

சரிதா பக்கத்தில் பார்த்தாள். ஞானசௌந்தரி கையை நீட்டினார்.

போனை வாங்கிக் காதில் வைத்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“முத்தாலம்மா,” என்றார். “நான் சௌந்தரி பேசறேன்.”

மறுமுனையில் அலைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.